சீல் உடைக்காத எட்டு டப்பா

பழைய கார்களுக்குச் சாமான் விற்கும் தொழிலில் புதிதாக இறங்கியிருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். எங்கே வாங்கலாம், எப்படிப் பார்சல் கட்டலாம் என்பதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அது உங்கள் கைப்பேசிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் முட்டாளாக நின்ற ஒரு சனிக்கிழமையைப் பற்றி எழுதுகிறேன். வாரக்கடைசி வியாபாரிகளான நமக்கு ஒரு பொதுவான நோய் உண்டு. இது ஓர் ஆசைக்குத்தானே, பிழைப்பு வேறு இருக்கிறதே என்ற நினைப்புதான் அது. எனக்கும் அது முற்றிப்போய் இருந்தது. வாங்குகிறவர் குழந்தை குட்டியோடு அந்த வண்டியில் ஏறி உட்காரப் போகிறார் என்பது எனக்கு உறைக்க ஐந்து வருடம் ஆனது.

நான் கோயம்புத்தூர்க்காரி. கம்ப்யூட்டர் படித்தவர்களை ஹைதராபாத் கைநீட்டி அழைத்துக்கொண்டிருந்த காலத்தில் வந்து சேர்ந்தேன். அமீர்பேட் விடுதியில் நான்கு பெண்களுக்கு ஓர் அறை, ஒரு வாளி. அங்கிருந்தபடி சாஃப்ட்வேர் டெஸ்டிங் படித்து வேலைக்குப் போனேன். பிறர் எழுதிய புரோகிராமில் ஓட்டை கண்டுபிடிப்பதுதான் என் வேலை. எழுதியவன் எவ்வளவு சத்தியம் செய்தாலும் நம்பக் கூடாது, ஓட்டிப் பார்க்க வேண்டும். நான் வருவதைப் பார்த்தாலே எங்கள் ஆபீஸ் பையன்கள் டீ குடிக்க எழுந்து போவார்கள். அவ்வளவு நல்ல பெயர்!

கல்யாணமான பிறகு செகந்திராபாத் பக்கம் அல்வாலில் ஒரு வீடு வாங்கினோம். விற்றவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஷெட்டில் நின்ற ஹெரால்டு காரையும் எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனார். ஹெரால்டு உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டு கதவு, முன்பக்கம் முழுசாகத் திறக்கும் மூடி, எழுபதுகளில் தயாரிப்பு நின்றுபோன வண்டி. ஏசி இல்லாத காரில் உட்கார மாட்டேன் என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டதால் அது எனக்கே எனக்கானது. அதற்குச் சாமான் தேடி அலைந்து, தேவைக்கு மேல் கிடைத்ததை விற்க ஆரம்பித்து, கடைசியில் சனி ஞாயிறுகளில் ஷெட்டில் ஒரு மேஜை போட்டு வியாபாரமே செய்ய ஆரம்பித்தேன். வெளியூர்க்காரர்கள் ஈமெயிலில் கேட்பார்கள், பார்சலில் அனுப்புவேன். உள்ளூர்க்காரர்கள் மேஜைக்கே வருவார்கள்.

ராணிகஞ்சில் ஓர் உதிரிபாகக் கடையை மூடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒருநாள் ஓடினேன். பரண்மேல் இருந்த ஒரு பெட்டியில் ஹெரால்டு பிரேக்குக்கான ரப்பர் வாஷர் செட்டுகள் எட்டு, எட்டும் தனித்தனி டப்பாவில், கம்பெனி ஒட்டிய காகித சீல் உடையாமல் இருந்தன. முப்பது வருடமாக ஒரு மனிதக் கை உள்ளே போகவில்லை. நம் தொழிலில் அந்தச் சீலுக்கு என்ன மரியாதை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிரிக்காத டப்பா என்றால் ராஜா, பிரித்துவிட்டால் வெறும் ரப்பர். கோயில் பிரசாதம் மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அதே மாதம் என் வண்டிக்கும் பிரேக் ரப்பர் மாற்ற வேண்டியிருந்தது. என் மெக்கானிக் மாணிக்கம். மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம், போவன்பள்ளியில் ஒரு சின்ன ஷெட். எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான், ஆனாலும் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். பார்வையாலேயே நட்டின் அளவைச் சொல்லிவிடுகிறவர், பேச்சு மட்டும் கம்மி.

வண்டியைப் பார்க்க வந்தவர், மேஜைமேல் அடுக்கியிருந்த எட்டு டப்பாவையும் பார்த்துவிட்டு, "உங்ககிட்டயே மால் இருக்கே மேடம், அதுலே ஒண்ணு எடுங்க" என்றார்.

"நல்லா இருக்குதுங்ணா கதை! இதுக்குக் கிடைக்கிற விலைக்குப் பஜார்ல விக்கிற லோக்கல் புது ரப்பர் நாலு செட் வாங்கலாம். எனக்குப் பஜார் ரப்பரே போதும்."

"சரி. ஒருவாட்டி பிரிச்சு, கையிலே புடிச்சுப் பாத்துடலாமா?" என்றபடியே ஒரு டப்பாவை எடுத்துச் சீலின் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்தார்.

நான் பாய்ந்து அவர் கையைத் தட்டிவிட்டேன். "நக்கோ, வேண்டாம்! சீல் உடைஞ்சா பாதி விலைகூடத் தேறாது. இதெல்லாம் உங்களுக்குப் புரியாதுங்ணா."

பக்கத்தில் இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். அவர்கள் சிரித்தார்கள். மாணிக்கம் டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, "ஹவ் மேடம்" என்று ஹைதராபாத் பாஷையில் ஆமாம் போட்டுவிட்டுப் போய்விட்டார். மறுவாரம் என் வண்டிக்குப் பஜார் ரப்பர் போட்டுக் கொடுத்தார். அதைப் பற்றி நான் திரும்ப யோசிக்கவே இல்லை.

இரண்டு மாதத்தில் ஆறு டப்பா விற்றது. ஐந்து பார்சலில் போனது, அதனால் ஐந்து பேரின் முகவரியும் தொலைபேசி எண்ணும் என்னிடம் இருந்தன. ஆறாவதை மேஜைக்கே வந்து ஒருவர் வாங்கிப் போனார். வெள்ளை ஹெரால்டு, நெற்றியில் குங்குமம், பின்சீட் முழுக்கக் கறிவேப்பிலைக் கட்டு. சந்தோஷமாகப் பேசினார், தெலுங்கில். பெயரை நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு ஒரு சிறிய பார்சல் வந்தது. புனேயில் டப்பா வாங்கிய பெரியவர் அனுப்பியிருந்தார். சிக்னலில் பிரேக்கை மிதித்தபோது பெடல் தரைவரை போய்விட்டதாம். கை பிரேக்கை இழுத்து, ஒரு வாழைப்பழ வண்டிமேல் மோதி நின்றாராம். ஆளுக்கு அடி இல்லை, பழத்துக்குத்தான். ஒரு வார்த்தை திட்டவில்லை மனிதர். நீங்கள் விற்றதை நீங்களே ஒருமுறை வளைத்துப் பாருங்கள் என்று மட்டும் எழுதி, கழற்றிய வாஷரில் ஒன்றை உள்ளே வைத்திருந்தார்.

வளைத்தேன். என் மேஜையில், கீபோர்டின்மேல், அது மூன்று துண்டாக உடைந்து விழுந்தது. சீல் உடையவில்லை என்றால் உள்ளே காலம் நுழையாது என்று நான் நினைத்திருக்கிறேன். முப்பது வருடத்தில் ரப்பர் தானாகவே செத்துப்போயிருந்தது. எதையும் ஓட்டிப் பார்க்காமல் நம்பாதவள் என்று பெயர் வாங்கிய நான், ஆறு பேருடைய பிரேக்குக்குக் கண்ணை மூடிக்கொண்டு விற்றிருக்கிறேன். அந்த நிமிடம் எனக்கு என்மேல் வந்த வெறுப்பை இன்றைக்கும் நினைக்கப் பிடிக்கவில்லை.

உட்கார்ந்த இடத்திலிருந்தே மற்ற நான்கு பேருக்கும் போன் செய்தேன். மூன்று பேர் பிரிக்காமலே கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தார்கள். நல்லவேளை, நம் ஆட்களின் பைத்தியம் சில சமயம் உயிரைக் காப்பாற்றும். நான்காமவர் வண்டியில் மாட்டியிருந்தார், ரப்பர் மாற்றும்வரை வண்டியை எடுக்க மாட்டேன் என்று சொன்னார். மிச்சம் அந்தக் கறிவேப்பிலைக்காரர்தான். அத்தனை கட்டு கறிவேப்பிலை என்றால் போவன்பள்ளிக் காய்கறி மார்க்கெட் ஆளாகத்தான் இருக்க வேண்டும்.

மறுநாள் சனிக்கிழமை. திங்களன்று ஒரு சாஃப்ட்வேர் ரிலீஸ் இருந்ததால் எல்லோரும் ஆபீஸ் வர வேண்டும் என்று உத்தரவு. காலையில் வர முடியாது என்று மேனேஜரிடம் போனில் சொன்னேன்.

"உங்க ஹாபிக்காக ரிலீஸ் நிக்கணுமா?" என்றார்.

"நிக்கட்டுங்க சார். அது நின்னா யாரும் சாகமாட்டாங்க."

அந்தப் பதிலுக்கு அந்த வருடச் சம்பள உயர்வில் நன்றாகவே அனுபவித்தேன். ஆனால் அது என் வாழ்க்கையில் நான் சரியாகச் சொன்ன சில வாக்கியங்களில் ஒன்று.

போவன்பள்ளிப் பக்கம் ஹெரால்டு வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் மாணிக்கத்துக்குத் தெரியாமல் இருக்காது. அவரிடம் செல்போன் கிடையாது. என் வண்டியை எடுத்துக்கொண்டு அவர் ஷெட்டுக்குப் போனேன், பூட்டியிருந்தது. எதிரே டீ போட்டுக்கொண்டிருந்தவரைக் கேட்டேன்.

"மாணிக்கமா? வெள்ளைக் காரு சேட் வீட்டுக்குப் போயிருக்கார் மேடம். காய்கறி மார்க்கெட்லே மண்டி வெச்சிருக்காரே, அவர். இன்னைக்கு ஸ்ரீசைலம் போறாங்க, பேரப் பிள்ளைக்கு மொட்டை. கிளம்புறதுக்கு முன்னாலே வண்டியைப் பாக்கக் கூப்பிட்டாங்க."

ஸ்ரீசைலத்துக்குக் காட்டு வழியே மலைப்பாதை. போகும்போது ஏறலாம், பிறகு இறங்க வேண்டுமே. சனிக்கிழமை ராகுகாலம் ஒன்பது மணிக்கு. மொட்டை போடப் போகிற குடும்பம் அதற்குள் கிளம்பிவிடும். மணி எட்டேகால். மார்க்கெட் வாசலில் லாரிகள், தக்காளிக் கூடைகள், நடுவில் வாலை ஆட்டிக்கொண்டு ஒரு எருமை. நான் ஹாரனில் இருந்து கையை எடுக்கவே இல்லை. ஒரு சுமைதூக்குபவர் என்னைத் தெலுங்கில் திட்டிவிட்டு, வெள்ளைக் கார் வைத்திருக்கும் மண்டிக்காரர் வீடு எது என்று கேட்டதும் தானே முன்னால் நடந்து வழிகாட்டினார்.

வீட்டு வாசலில் அந்த ஹெரால்டு மாலையோடு நின்றது. நான்கு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம். பின்சீட்டில் மண்டிக்காரரின் மனைவியும், மடியில் எட்டு மாதக் குழந்தையோடு மகளும் உட்கார்ந்திருந்தார்கள். மாணிக்கம் டயரில் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். மண்டிக்காரர் சாவியோடு ஏறப் போனவர், என்னைக் கண்டதும் வாயெல்லாம் பல்லாக, "ரண்டி, வாருங்கள் அம்மா! பாருங்கள் உங்கள் டப்பாவை" என்றார். முன்கண்ணாடிக்குக் கீழே, சாமி படத்துக்குப் பக்கத்தில், நான் விற்ற டப்பா நின்றிருந்தது. காலி டப்பா. சீல் அறுந்திருந்தது.

நான் என் காரை அவர் காருக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு, சாவியைக் கைப்பைக்குள் போட்டேன்.

"இந்த வண்டி போகக் கூடாதுங்க" என்றேன், எனக்குத் தெரிந்த தெலுங்கில்.

அவர் முதலில் சிரித்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "அம்மா, பிரேக் பிரமாதமாகப் பிடிக்கிறது. போன மாதம்தான் மாட்டினோம். வழியை விடுங்கள், நேரம் ஆகிறது."

"நான் உங்களுக்கு வித்த ரப்பர் செத்த ரப்பர். பாருங்க." மிச்சமிருந்த இரண்டு டப்பாவில் ஒன்றைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். அவர் கண்ணெதிரே சீலைக் கிழித்து, ஒரு வாஷரை எடுத்து வளைத்தேன். பொட்டென்று உடைந்து அவர் செருப்பின் அருகே விழுந்தது. பின்சீட்டில் இருந்த மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள்.

மண்டிக்காரரின் முகம் வெளுத்தது. மாணிக்கத்தின் பக்கம் திரும்பி, "இதையா என் வண்டிக்குள் போட்டிருக்கிறாய்?" என்று கத்தினார்.

மாணிக்கம் டயரை விட்டு எழுந்தார். கையைத் துடைத்துக்கொண்டு, என்னிடம் தமிழில், "ஒரு நிமிஷம் இந்தப் பக்கம் வாங்க மேடம்" என்றார். மண்டிக்காரருக்குத் தமிழ் தெரியாது.

சுவரோரம் போனதும் தன் சாமான் பையைத் திறந்து, துணியில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்தார். உள்ளே நான் விற்ற அந்தச் செட் இருந்தது, இரண்டு வாஷர் உடைந்து, மீதி உடையாமல்.

"வண்டி போகட்டும் மேடம், பயம் இல்லே. இதை நான் மாட்டவே இல்லே. பிரிச்சு வளைச்சேன், ஒடைஞ்சுது. புது ரப்பர் போட்டுட்டேன்."

"அவர்கிட்ட ஏன் சொல்லலை?"

"எல்லார்கிட்டயும் அந்த டப்பாவைக் காட்டிட்டு இருக்கார். அவர் சந்தோஷத்தை எதுக்குக் கெடுக்கணும்?"

"சரி, என்கிட்ட?"

அவர் பொட்டலத்தைத் திரும்பத் துணியில் சுற்றினார். "உங்ககிட்ட காட்டணும்னுதான் பையிலேயே வெச்சிருந்தேன். ரெண்டு ஞாயித்துக்கிழமை உங்க கேட்டு வரைக்கும் வந்தேன். உள்ளே ஆளுங்க இருந்தாங்க. திரும்பிட்டேன்."

அன்று சிரித்த இரண்டு பேரின் முகமும் எனக்கு ஞாபகம் வந்தது. "எந்த ரப்பர் போட்டீங்க?" என்று கேட்டேன்.

குறுக்கே நின்ற என் காரைக் கையால் காட்டினார். "உங்க வண்டிக்குப் போட்டேனே, அதேதான். நீங்க அதுலேதானே ஓட்டுறீங்க."

அவர் குத்திக் காட்டவில்லை. அப்படிப் பேசத் தெரிந்தவர் அல்ல அவர். ஆனால் என் வண்டிக்கு உள்ளே எதைப் போட்டேன், அடுத்தவர் வண்டிக்கு எதை விற்றேன் என்று யாரோ கணக்காகக் கேட்டது போல இருந்தது எனக்கு. நான் அந்த டப்பாவை நம்பினேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேனே, உண்மையில் நம்பியிருந்தால் ஒன்றை என் வண்டியில் மாட்டியிருக்க மாட்டேனா? அப்படியே சுவரில் சாய்ந்து அழுதுவிட்டேன். மாணிக்கம் பதறிப்போய், "நக்கோ மேடம், எல்லாரும் பாக்குறாங்க" என்றார்.

இப்போது எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. தெரியாமல் சொல்லிவிட்டேன், எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி வழியை விடலாம், ஒன்பதுக்குள் கிளம்பிவிடுவார்கள். ஆனால் மண்டிக்காரர் மாணிக்கத்தைப் பார்த்துக் கத்திவிட்டார். வாசலில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். நான் மழுப்பினால் அந்தச் சந்தேகம் மாணிக்கத்தின்மேலேயே தங்கிவிடும், மார்க்கெட் முழுக்கப் பரவும். முகத்தைத் துடைத்துக்கொண்டு போய், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்:

"தப்பு என்னோடதுங்க. பாக்காம வித்தது நான். பாத்து, மாத்திப் போட்டு, உங்களைக் காப்பாத்தினது இவர். உங்க வண்டியில இருக்கறது புது ரப்பர்."

மண்டிக்காரர் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்த டப்பாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, உயிர் பிழைத்த சந்தோஷத்தைக் காட்டிலும் பெரிய துக்கத்தோடு, "அப்படியானால் என் வண்டியில் இருப்பது பஜார் ரப்பரா?" என்றார்.

அவர் மனைவி காருக்குள் இருந்தபடியே, "உங்களுக்கு டப்பா வேண்டுமா, பேரன் வேண்டுமா?" என்று ஒரு போடு போட்டாள். வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். இந்த முறை நானும் சிரித்தேன்.

இத்தோடு போயிருக்கலாம். ஆனால் மாணிக்கமே சொன்னார், "என் பேச்சை நம்பாதீங்க மேடம். கழட்டிக் காட்டிடறேன், பாத்துடுங்க." அதற்குள் ஒன்பது அடித்துவிட்டது. ராகுகாலம் முடியும்வரை எப்படியும் கிளம்ப முடியாது என்று மண்டிக்காரரும் சம்மதித்தார். புளியோதரைப் பாத்திரத்தை இறக்கி, எங்கள் எல்லோருக்கும் இலை போட்டார்கள். மாணிக்கம் கழற்றிக் காட்டியதை நான் ஒவ்வொன்றாக விரலால் வளைத்துப் பார்த்தேன். எல்லாம் புது ரப்பர், எல்லாம் நன்றாக வளைந்தது. பத்தே முக்காலுக்கு அந்த வண்டி எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு கிளம்பியது. திங்கட்கிழமை மொட்டைத் தலைப் பேரனோடு பத்திரமாகத் திரும்பி வந்தது. மண்டிக்காரர் அந்தக் காலி டப்பாவைச் சாமி படத்துக்குப் பக்கத்திலிருந்து எடுக்கவே இல்லை என்று கேள்வி.

அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள், ஞாயிறு காலை, மாணிக்கத்தை வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தேன். மேஜையில் என்னிடம் இருந்த ரப்பர் சாமான் அத்தனையும் அடுக்கி வைத்திருந்தேன், ஹெரால்டுக்கு, அம்பாசிடருக்கு, மைனர் காருக்கு என்று நாற்பதுக்கும் மேல், எல்லாம் சீல் உடையாதவை. ஐந்தாறு வாடிக்கையாளர்கள் வந்திருந்தார்கள். வேண்டுமென்றேதான் அவர்கள் இருக்கும் நேரமாகப் பார்த்து அவரைக் கூப்பிட்டேன். அவர் ஒரு டப்பாவைக் கையில் எடுத்தார். கட்டைவிரலைச் சீல்மேல் வைப்பதற்கு முன்னால் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

நான் ஒரு பிளேடை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"எல்லாத்தையுமா மேடம்?"

"எல்லாத்தையும்ணா. ஒண்ணு விடாம."

அத்தனையிலும் மூன்றுதான் தேறியது. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் ஐயோ ஐயோ என்று தலையில் கைவைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார், பிறகு வரவே இல்லை. மற்றவர்கள் கடைசிவரை என்னிடம்தான் வாங்கினார்கள். அன்று முதல் நான் கடையை மூடிய நாள்வரை, என் வண்டியில் மாட்டி ஒரு மாதம் ஓட்டாத எந்தப் பிரேக் சாமானையும் யாருக்கும் விற்கவில்லை. வந்தவர் பெயரைக் கேட்காமல் எதையும் கையில் கொடுக்கவும் இல்லை.

அந்த மேஜை இன்னும் ஷெட்டில்தான் இருக்கிறது. அதன் ஓரத்தில் ஓர் ஆணி அடித்து, ஒரு பிளேடைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். அல்வால் பக்கம் வந்தால் உங்கள் சரக்கையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். காபி பிறகுதான், முதலில் பிளேடைத்தான் கையில் கொடுப்பேன்.